ஒரே ஆணியில் ஏழு காலண்டர்

செந்தில்,

நீ அனுப்பிய படத்தை நான்கு நாளாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மருமகள் முக்தாவின் மடியில் அந்த நாய்க்குட்டி, அதன் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேத்தி இரா. கீழே ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: "அடுத்த மாசம் நாங்க நாலு பேரும் சாங்விக்கே வந்துடறோம், ஓகேவா அம்மா?" நான் பதில் போடவில்லை. முக்தா இரண்டு தடவை போன் செய்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று இந்தியில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. ஜெர்மனியிலிருந்து திரும்பி, இதே ஊரில் மகர்பட்டாவில் பதினோராவது மாடியில் சொகுசாக இருக்கிறவன், முழங்கால் தேய்ந்த அம்மாவுக்குத் துணையாக இந்தப் பழைய வீட்டுக்கு வருகிறேன் என்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும், விட்டுவிடுகிறேன். ஆனால் இராவும் அந்தக் குட்டியும் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஆறு வருஷமாக உன்னிடம் மறைத்த விஷயம். போனில் சொல்லலாம் என்றால், நீ நடுவில் "அம்மா, அம்மா" என்று குறுக்கே வருவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும். மெதுவாகப் படி. உனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அப்பா தினமும் கிழித்துத் தந்த காலண்டர் தாள்தான். இந்தக் கடிதத்தில் அந்தக் காலண்டரும் வருகிறது.

உன் அப்பா டெங்குவில் சாகவில்லை. நம் நாய் மிசலின் மேலிருந்து வந்த உண்ணி கடித்துச் செத்துப்போனார். எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுவது கொஞ்சம் சுலபம்.

மிசலை நீ கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருஷம், நல்ல மழை, மிசல் பலகாரம் விற்கிற வண்டிக்குக் கீழே நனைந்துகொண்டிருந்தது, அதையே பேராக வைக்கலாம் என்று சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஒரு காது மடங்கி, ஒரு காது நிமிர்ந்து, பார்க்கவே சிரிப்பாக இருந்தது. வேண்டாம் என்று நானும் அப்பாவும் ஒரு வாரம் சண்டை போட்டோம். எட்டாம் நாள் அப்பா தன் தட்டிலிருந்து அதற்குத் தோசை பிய்த்துப் போடுவதைப் பார்த்தேன், சண்டை முடிந்துவிட்டது என்று புரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு நீ அதன் கழுத்து மயிரை விலக்கி உண்ணி மருந்துச் சொட்டு விடுவாய். நீ ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பிரிஜ்ஜில் ஒட்டிவிட்டுப் போனாய். மூன்று மாதம் தவறாமல் சொட்டு மருந்து போட்டேன். நாலாவது மாதம், அந்த மருந்து வாசனை கையில் ஒட்டிக்கொண்டு சாப்பிடவே முடியவில்லை என்று அப்பா முகம் சுளித்தார். சரி, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற நாய்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் போடவில்லை. உன் தாள் மட்டும் பிரிஜ்ஜில் அப்படியே இருந்தது. நீ வாட்ஸப்பில் கேட்கும்போதெல்லாம் "போட்டாச்சு" என்று சொன்னேன். இது என் முதல் பொய்.

மார்ச் மாதம் தொடங்கி மிசலுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆற்றங்கரை நடை முடிந்து அப்பா தன் மர நாற்காலியில் உட்காருவார், மிசல் அதற்கடியில் படுக்கும், இது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அந்த நாட்களில் அது படுக்காமல் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தது. குரைக்காது, வாலாட்டாது. அப்பாவின் தலைக்கு மேலே, காலண்டர் தொங்குகிற இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். முதலில் பல்லி என்று நினைத்தேன். பல்லி எதுவும் இல்லை. சில நாள் அதன் தலை மிக மெதுவாக மேலிருந்து கீழே இறங்கும், நம் கண்ணுக்குத் தெரியாத யாரோ சுவர் வழியாக நிதானமாக இறங்கி வருவதைப் பார்ப்பதுபோல. எதிர்வீட்டு ஷிந்தே காக்கூ கொத்தமல்லி கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "தாயி, த்யாலா காஹீதரி திஸ்தய்" என்றாள். அதற்கு ஏதோ தெரிகிறது என்று அர்த்தம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் போன பிறகு, ஔந்து பள்ளியில் இருபத்தாறு வருஷம் அறிவியல் நடத்திய உன் அம்மா, உப்பும் மிளகாயும் எடுத்து நாய்க்கும் நாற்காலிக்கும் சேர்த்துச் சுற்றிப்போட்டாள். சிரிக்காதே. அந்த நேரத்தில் அந்த அறையில் நீ நின்றிருந்தால் நீயும் செய்திருப்பாய்.

மே மாதம் ஒரு நாள் காலையில் கூடத்து வெள்ளைத் தரையில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. மிசலுக்கு மூக்கிலிருந்து ரத்தம். கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு வெயில் காலத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் என்ன தோன்றும்? சூடு. உனக்குச் சின்ன வயதில் வந்தபோது என்ன செய்தேனோ அதையேதான் அதற்கும் செய்தேன். நீர்மோர் ஊற்றினேன், தயிர்சாதம் பிசைந்து வைத்தேன், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஏட்டி, அது நாய். எண்ணெ தேச்சிச் சடையும் போட்டுவிடப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படிச் சிரித்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நாள் போய்விட்டது. அது சாப்பிடுவதை நிறுத்தி, படியேற முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் ஆட்டோவில் போட்டு நாய் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவள் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அப்புறம் கால் விரல்களை விரித்துக் காட்டினாள், காதை மடித்துக் காட்டினாள். "கோச்சிட்" என்றாள் மராத்தியில். உண்ணி. விரல் இடுக்கில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. தினம் நான் சோறு வைக்கிற நாய், அதுவரை நான் பார்க்கவே இல்லை. உண்ணிக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமில்லை, சிலந்தி இனம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். என் வீட்டு நாயின் காலை ஒரு நாள் தூக்கிப் பார்க்கவில்லை.

ரத்தம் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, பத்து மாத்திரை உள்ள ஒரு பட்டையை முதலில் கொடுத்தாள், தீர்ந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஆறு மாத்திரை உள்ளே போனது. நாலாவது நாள் மத்தியானம் மிசல் எழுந்து, தள்ளாடிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்து, அப்படியே போய்விட்டது. உனக்கு "வெயில் தாங்கல, வயசாயிடுச்சு" என்று சொன்னேன். இது இரண்டாவது பொய். நீ போனில் சத்தம் வராமல் அழுதாய். எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும், இந்த உண்ணி ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவரேறி, இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று. அதையும் செய்தேன். மிசல் போன மூன்றாம் நாள் மருந்தடிக்கிற ஆள் வந்தான். சுவரில் இருக்கிற எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொன்னான். போட்டோக்களை இறக்கினேன், கடிகாரத்தை இறக்கினேன். காலண்டர் மட்டும் மிச்சம். கோவில்பட்டியிலிருந்து பெரியப்பா வருஷா வருஷம் அனுப்புகிற முருகன் படம் போட்ட தினசரி காலண்டர். தாளெல்லாம் கிழித்துத் தீர்ந்த பிறகு அட்டை மிஞ்சும். அட்டையில் சாமி இருப்பார். சாமியைக் குப்பையில் போட முடியுமா? யார் காலிலாவது மிதிபடும். அதனால் நம் வீட்டில் என்ன செய்வோம் என்பது உனக்குத் தெரியும், பழைய அட்டை மேலேயே அதே ஆணியில் புதுக் காலண்டரை மாட்டிவிடுவோம். நம்மைப்போன்ற வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு அந்த ஆணியில் ஏழு வருஷத்து முருகன் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றுகொண்டிருந்தார். மருந்தடிக்கிறவன் குழாயை அந்தப் பக்கம் நீட்டினான். நான் கையைக் குறுக்கே காட்டி, "பக்வான் கா ஃபோட்டோ ஹை, உஸ்பே மத் மாரோ" என்றேன். சாமி படத்தின் மேல் மருந்து படக் கூடாது என்று எனக்கு. அவனும் பக்தியுள்ளவன் போலிருக்கிறது, ஒரு கையால் கும்பிட்டுவிட்டு, காலண்டரைச் சுற்றி ஒரு முழம் விட்டு மற்ற சுவர் முழுக்க அடித்தான். இந்த வீட்டில் விஷம் படாத ஒரே இடம் அதுதான். அதற்கு நேர் கீழே அப்பாவின் நாற்காலி.

நாய் போன பிறகும் அப்பா ஆறு மணிக்கு அங்கேதான் உட்கார்ந்தார். இடது கை தானாகக் கீழே தொங்கி, அதன் தலையைத் தேடித் துழாவும். இல்லை என்று தெரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலைக்குப் பின்னால் என்ன இறங்கிக்கொண்டிருந்தது என்று பார்க்கவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், இந்த உண்ணிக்கு நாய்தான் பிடிக்கும், மனிதரை அபூர்வமாகத்தான் கடிக்கும். ஆனால் அது பசியோடு மாதக்கணக்கில், சில சமயம் வருஷம் தாண்டியும் காத்திருக்கும். மூச்சுக் காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்து ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும். நாய் இருந்தவரை நாயைத் தேடி இறங்கின. நாய் இல்லாமல் போன வீட்டில், அதே நேரத்துக்கு, அதே இடத்தில் ஒரே ஒரு மூச்சுதான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட சமயம், மிசல் போய் மூன்று வாரம் இருக்கும். அப்பாவுக்குக் காய்ச்சல். பின்கழுத்தில் முடி முடிகிற இடத்துக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்தேன். என்ன இது என்றேன். சலூன்காரன் கத்தி பட்டிருக்கும் என்றார். விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டு முழுக்க டெங்கு. ரத்தத் தட்டணு குறைந்திருந்தது, அதனால் இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயது டாக்டர், நல்ல பிள்ளை, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டான். வெளியூர் போனாரா, வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

பொய் இல்லை, செந்தில். நாய் இல்லைதான். மூன்று வாரம் முன்புவரை இருந்தது, உண்ணிக் காய்ச்சலில் செத்தது என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. புருஷன் காய்ச்சலில் கிடக்கும்போது இவள் நாய்க்கு அழுகிறாளே என்று நினைத்துவிடுவானோ என்று வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கேள்வி ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கடந்துபோய்விட்டது. இன்னும் ஒன்று இருக்கிறது, அது இதைவிட மோசம். மறுநாள் அப்பாவின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. பார்த்த உடனே எனக்கு மிசலின் வயிறு ஞாபகம் வந்தது. அதே மாதிரிதான் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரருக்கும் எங்கள் நாய்க்கும் ஒரே மாதிரிப் புள்ளி என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு மரியாதைக் குறைச்சலாகப் பட்டது. அவர் கையை மூடி, போர்வைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு நினைவு வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் ஒரே கேள்வி, இன்னைக்குத் தாள் கிழிச்சியா என்று. கிழித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், வீட்டுக்கே போகவில்லை. ஆறாவது நாள் சாயங்காலம், ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது, கண்ணை அகல விழித்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மார்ச் மாதத்தில் மிசல் பார்த்த பார்வை.

"செவுத்துல இருந்து யாரோ எறங்கி வாராவ" என்றார். "நாயக் கூப்புடு. அதுக்குத் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒன்றுமில்லை, வெள்ளைச் சுவர். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நர்ஸ் சொன்னாள். பிதற்றல்தான். ஆனாலும் அவர் சொன்ன அந்த ஒன்றுதான் அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் தேடிக்கொண்டிருந்த பதில். தமிழ் தெரிந்து அதைக் கேட்ட ஒரே ஆள் நான். மறுநாள் சிறுநீர் நின்றது, அதற்கு அடுத்த நாள் விடியும்போது அவர் போய்விட்டார். நீ வந்து சேர்ந்தது அன்று மாலை.

பதிமூன்று நாள் நீ என்னோடு இருந்தாய். வந்தவர்களுக்கெல்லாம் டெங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், எனக்கும் அப்போது அதுதான் தெரியும். ஒரு நாள் நீ அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "மிசலாவது இருந்திருந்தா அப்பாவுக்குத் துணையா இருந்திருக்கும், இல்லம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ ஜெர்மனிக்குத் திரும்பிய இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தச் சின்ன டாக்டர் கூப்பிட்டான். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த ரத்தத்தின் முடிவு தாமதமாக வந்திருக்கிறது, டெங்கு இல்லை, உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் என்றான். ரொம்பத் தயங்கி, வீட்டில் நாய் ஏதாவது, என்று மறுபடி கேட்டான். இந்தத் தடவை எல்லாம் சொன்னேன். அவன் திட்டாமல், மெதுவாக விளக்கினான். நாயிலிருந்து நேராக மனிதருக்கு ஒட்டாது. நாய்க்கு வந்த கிருமி வேறு, அப்பாவுக்கு வந்தது வேறு, ஆனால் இரண்டும் ஏறி வருகிற வண்டி ஒன்றுதான், உண்ணி. ஆரம்பத்திலேயே தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும் என்று அதன் பெயரைச் சொன்னான். டாக்ஸிசைக்ளின். எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. மிசலின் சங்கிலியும் சீப்பும் போட்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். பத்து மாத்திரைப் பட்டையில் ஆறு காலி. நாலு மாத்திரை அப்படியே இருந்தது. அதே பெயர். அப்பா காய்ச்சலில் கிடந்த முதல் மூன்று நாளும், அவர் கட்டிலிலிருந்து பத்தடி தூரத்தில், அந்த மருந்து எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். மணி நாலு இருக்கும், நல்ல வெளிச்சம். காலண்டர் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தேதியிலேயே நின்றிருந்தது. கிழித்தேன் கிழித்தேன் என்று அவரிடம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று மொத்தமாகப் பிடித்து இழுத்தேன். அட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பின்னால் சுவரில் எள்ளையும் கடுகையும் அள்ளி அப்பினதுபோல இருந்தது. காரியத்துக்கு இறைத்த எள் இங்கே எப்படி வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன், பார். கிட்டே முகத்தைக் கொண்டுபோனேன். என் மூச்சுப் பட்டது. எள் அசைந்தது. ஒவ்வொன்றும் முன்னங்கால்களைத் தூக்கி, காற்றில் நீட்டி, ஆட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடங்கின. விட்டேன். மறுபடி தூக்கின, எல்லாம் ஒன்றாக, என் பக்கமாக. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அப்போதுதான் நீ பதிமூன்று நாள் அதற்கடியில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மாதம் முழுக்கத் தினமும் உனக்குப் போன் செய்து காய்ச்சல் இருக்கிறதா, கழுத்தில் ஏதாவது பொருக்கு இருக்கிறதா என்று கேட்டேனே, "ஏம்மா டெய்லி இதே கேக்கற, அப்பா போனதுல உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று எரிந்து விழுந்தாயே, அதற்குக் காரணம் இதுதான். உனக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. கைகூப்பிக் கும்பிடுவதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் கிடையாது.

மறுநாள் பட்டப்பகலில், இடுக்கியால் அந்த ஏழு அட்டையையும் மண்ணெண்ணெய் வாளிக்குள் தள்ளி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினேன். முருகன் முகம் ஒவ்வொன்றாகச் சுருண்டது. "தெரிஞ்சுதான் பண்ணுதேன், கோவிச்சுக்கிடாத" என்று வாய்விட்டே சொன்னேன். துணி காயப்போட வந்த ஷிந்தே காக்கூ பார்த்தாள், பக்கத்தில் வந்து தீ அணையும்வரை நின்றாள். பிறகு டாக்டரம்மா சொன்னபடி சுவர் வெடிப்பு, கதவுச் சட்டம், சுவிட்ச் பெட்டி ஓரம் எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்து, வாரக்கணக்கு இடைவெளி விட்டு மூன்று முறை மருந்தடித்தேன். ஒருமுறை அடித்தால் முட்டைகள் தப்பிவிடுமாம். அந்த ஆள் மறுபடி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். மிசலைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் நீ. சொன்னால் இவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வான், வாழ்நாள் முழுக்கச் சுமப்பான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது பாதி உண்மைதான். போட்டாச்சு என்று நான் சொன்னதும், இல்லை என்று சொன்னதும், உஸ்பே மத் மாரோ என்றதும் வெளியே வந்துவிடும் என்ற பயம் மறு பாதி. நன்றாகக் கேட்டுக்கொள். நாய் எந்தத் தப்பும் செய்யவில்லை, அதற்குத் தெரிந்ததை மார்ச் மாதமே உட்கார்ந்து காட்டிக்கொண்டிருந்தது. நீயும் செய்யவில்லை. நீ எழுதி ஒட்டிவிட்டுப் போனாய், நான் அதைப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தேன். அந்தத் தாள் இன்னும் பிரிஜ்ஜில் இருக்கிறது, வந்து பார். அப்பா இல்லாத இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட உன் மேல் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என் மேல் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும்.

குட்டியைக் கொண்டு வா. வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன் என்று நினைத்திருப்பாய். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரா அதன் காதைப் பிடித்திருக்கிற அழகைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை, பயத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. மருந்தை மட்டும் நாள் தவறாமல் போடு, வாசனை வந்தால் வரட்டும். எதைப் போடுவது என்று டாக்டரம்மாவைக் கேட்டுக்கொள், அவள் இன்னும் ஔந்தில்தான் இருக்கிறாள். வெளியே போய் வந்ததும் விரல் இடுக்கையும் காதையும் நானே பார்க்கிறேன், கண்ணாடி மாற்றிவிட்டேன். உண்ணி இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதே, ஊதுபத்தியால் சுடாதே, மிசல் குட்டியாக வந்த புதிதில் அப்பா பேன் குத்துவதுபோல நகத்தில் வைத்து நசுக்குவாரே, அது கூடவே கூடாது. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எனக்கு வந்தாலும், டாக்டர் கேட்பதற்கு முன்னால் நாய் இருக்கிறது என்று சொல். அது செத்துப்போயிருந்தாலும் சொல். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல். பெரியப்பா வீட்டிலிருந்து இன்னும் காலண்டர் வருகிறது. மேஜை மேல் வைத்திருக்கிறேன், வருஷம் முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கோவிலில் கொடுத்துவிடுகிறேன். அந்த ஆணியில் நீ எதையும் மாட்டாதே.

கடைசியாக ஒன்று. முக்தாவிடம் இதைச் சொல்லாதே, நான் பைத்தியம் என்று நினைத்துவிடுவாள். அந்தத் தடவை வீட்டைச் சுத்தம் செய்து முடித்தபோது, எல்லாம் செத்துவிட்டன, இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கையில்லாத ரவிக்கை போட்டுக்கொண்டு, கொண்டையைத் தூக்கிக் கட்டிக் கழுத்தைத் திறந்து வைத்து, அப்பாவின் நாற்காலியில் போய் உட்காருகிறேன். சுவரில் சாய்ந்து, அசையாமல், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு அரைமணி நேரம் இருப்பேன். முதல் வருஷம் எதிரே கண்ணாடி வைத்துக்கொண்டு பார்த்தேன். இப்போது கண்ணாடி தேவையில்லை, கழுத்துக்கே தெரியும். உண்ணி ஆறு வருஷம் பட்டினி கிடக்காது என்று அறிவியல் டீச்சருக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நாள் தவறவில்லை. நேற்றும் உட்கார்ந்தேன். எதுவும் இறங்கி வரவில்லை.

இரா அந்த நாற்காலியில் தாராளமாக உட்காரலாம். நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

அம்மா